ஏழாம் வீட்டின் கொக்கிப் பெயர்

மாங்கேணி
09.10.2024

நிஸ்றாவுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. சுகமாகத்தான் இருப்பாய்.

சுனாமி நினைவுக் கல்லில் வெட்டப்போகிற பெயர்ப் பட்டியல் நேற்று வந்தது. சங்கச் செயலாளர் உதயரூபன் அண்ணன் அதை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோகிறார். பிழை இருந்தால் இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் சொல்ல வேண்டும், கல்லில் ஏறிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார். கதிரவெளி முதலாம் வீடு, இரண்டாம் வீடு என்று ஆறு வரைக்கும் போனார். அதற்கு அடுத்த வரி எட்டாம் வீடு. அப்பா திரும்பவும் மேலே போய் முதலிலிருந்து வாசித்தார்.

"மகள், நம்மட வீடு எங்க கிடக்கு?" என்று கேட்டார்.

நாம் பதிந்தது நூற்று அறுபத்து மூன்று பேரை. பட்டியலில் நூற்று அறுபத்தொரு பேர்தான் இருக்கிறார்கள். இல்லாத இரண்டு பேரும் என் அம்மாவும் தங்கச்சியும். கடல் ஒரு முறை கொண்டுபோனது. இப்போது நீ எழுதிய கொம்பியூட்டர் நிரல் இன்னொரு முறை கொண்டுபோயிருக்கிறது. இப்படிச் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒன்றரை வருடம் வாகரை அலுவலகத்தில் ஒரே மேசையில் இருந்தோம். வேலை முடிய பத்து நாள் இருக்கும்போது பெப்ரவரியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். அவசரத்தில் எதையோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் என் பக்கத்தைச் சரியாகத்தான் பதிந்தேன்.

போன் எடுக்காதே. உன் இலக்கத்தை நான் அடைத்துவிட்டேன். போனில் நீ அழுவாய், நான் சரி சரி என்று வைத்துவிடுவேன். எழுத்தில் பதில் சொல்லு.

ந. பிரஷாந்தி


தோஹா
11.10.2024

அன்புள்ள பிரஷாந்தி அக்கா,

உங்கள் மின்னஞ்சலை வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இன்று வெள்ளி, லீவு. காலையிலிருந்து எழுதி எழுதி அழிக்கிறேன்.

முதலில் பெப்ரவரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளை ஷிஹானுக்கு வேலை சரிவந்து இரண்டு பேருக்கும் விசா ஒன்றாக வந்தது. ஒரு கிழமைதான் தந்தார்கள். சொல்லத்தான் ஓட்டமாவடியிலிருந்து மாங்கேணிக்கு வந்தேன். நீங்கள் கதவில் நின்றபடியே "போறவள் போ" என்றீர்கள். உங்கள் அப்பா, மாமாதான் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். அதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

இனி நிரல். நம் கோப்பு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒழுங்காகச் சொல்லுகிறேன், எனக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்எம்எல் கோப்பின் தலையில் ஒரு சுருக்குப் பெயரையும் அதன் விரிவையும் ஒரு தடவை எழுதிவிட்டால், கீழே அந்தச் சுருக்கை மட்டும் போட்டால் போதும். வாசிக்கிற நிரல் அதை விரித்துக்கொள்ளும். முன்னால் போடுகிற & குறியைப் பார்த்து, மீன் பிடிக்கிற கொக்கி மாதிரிக் கிடக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து நமக்கு அது கொக்கிப் பெயர்.

ஒரு கொக்கிக்குள் இன்னொரு கொக்கி இருக்கலாம். &வீடு4; என்றால் "&அம்மா4; வீடு, &கதிரவெளி;" என்று விரியும். &அம்மா4; என்றால் அந்த அம்மாவின் பெயர். &கதிரவெளி; என்றால் "கதிரவெளி, &வாகரை;". இப்படி மூன்று நான்கு அடுக்கு. வீட்டை அம்மாவின் பெயரில் வைக்கலாம் என்று முடிவெடுத்தது நாம் இரண்டு பேரும்தான். கொழும்புப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஆம்பிளையின் பெயர் கேட்டிருந்தது. நம் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளை வந்து இருப்பவர் என்று நீங்கள் சொன்னீர்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். ஓட்டமாவடியில் போய் உம்மு குல்தூம் வீடு எது என்று கேட்டால் என் உம்மாவின் வீட்டைக் காட்டுவார்கள். வாப்பாவின் பெயரைச் சொன்னால் தலையைச் சொறிவார்கள்.

உதயரூபன் அண்ணன் ஒரு நாள் ஒரு கொக்கிக்குள் பத்துக் கொக்கி, அந்தப் பத்துக்குள்ளும் பத்துப் பத்து என்று எழுதிவைத்ததும், கொம்பியூட்டர் அப்படியே உறைந்துபோனதும் ஞாபகம் இருக்கும். ஒன்பது அடுக்குப் போனால் நூறு கோடி ஆகிவிடும், எந்த மெசினும் தாங்காது. அதற்குப் பயந்துதான் நான் ஒரு எல்லை வைத்தேன். எட்டு அடுக்குக்கு மேல் போனால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று.

உங்கள் வீட்டு வரி இரண்டும் அந்த எல்லையில்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஏன் என்று விளங்கவில்லை. உங்கள் வீடும் மற்ற வீடுகள் மாதிரி நாலு அடுக்குத்தானே. மூலக் கோப்பு அலுவலகக் கொம்பியூட்டரில் இருக்கிறது. அதை அனுப்புங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். கோபிக்கக் கூடாது. உதயரூபன் அண்ணன் தந்த தாளின் அடியில் இரண்டு பெயரையும் பேனையால் எழுதிக் கொடுத்தாலே போதுமே. ஏன் கொடுக்கவில்லை?

உங்கள் தங்கச்சி என்று இன்னமும் நினைக்கிற,
நிஸ்றா


மாங்கேணி
15.10.2024

நிஸ்றாவுக்கு,

பாடம் நடத்தியதற்கு நன்றி.

எட்டு அடுக்கு, நூறு கோடி எல்லாம் எனக்கு வேண்டாம். நீ வைத்த எல்லைதான் தின்றது என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டாய். வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று ஒரு மெசினுக்குச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? அந்த வரியில் ஆர் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாமே. நாம் பதிந்தது கடைச் சாமான் இல்லையே.

பேனையால் எழுதிக் கொடுக்கலாம்தான். நான் ஏன் எழுத வேண்டும்? மற்ற நூற்று அறுபத்தொரு பேரின் பெயரும் கோப்பிலிருந்து வந்தது. என் அம்மா மட்டும் அடியில் பேனையால் செருகப்பட்டு நிற்க வேண்டுமா? கோப்பைத் திருத்து, பட்டியல் திரும்பவும் வரட்டும். தோஹாவிலிருந்து திருத்தி வரும் என்றுதான் உதயரூபன் அண்ணனிடமும் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

கோப்பை அனுப்ப நேரம் கிடைக்கவில்லை. வாகரைக்குப் போகும்போது பார்க்கிறேன்.

ந. பிரஷாந்தி


தோஹா
16.10.2024

பிரஷாந்தி அக்கா,

கோப்பு இல்லாமல் நான் இங்கிருந்து எதைத் திருத்த? என்னிடம் இருப்பது நிரல் மட்டும். பெயர்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. முப்பத்தோராம் திகதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மாங்கேணியிலிருந்து வாகரை அரை மணித்தியாலம்கூட இல்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கோப்பை மட்டும் அனுப்புங்கள்.

நிஸ்றா


மாங்கேணி
29.10.2024

நிஸ்றாவுக்கு,

கோப்பு இத்துடன் வருகிறது. தாமதத்துக்குக் காரணம் கேட்காதே.

அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். "தோஹாக்காரப் புள்ள அனுப்பிற்றாவா?" இல்லை என்றால் வட்டைக்குப் போய்விடுகிறார். விதைப்பு முடிந்து வயலில் ஒரு வேலையும் இல்லை, சும்மா போய் வரம்பில் நின்றுவிட்டு வருகிறார். அந்த வருசம் டிசம்பரிலும் அவர் வட்டையில்தான் நின்றார். அதனால்தான் தப்பினார். அதைச் சொல்லி ஒருவரும் அவரைக் குறை சொன்னதில்லை, அவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நேற்று ஒன்று கேட்டார். "உன்ட அம்மாட பேர நீ சரியாத்தானே மகள் அடிச்ச?" ஓம் அப்பா என்றேன்.

கோப்பைத் திறந்து பார்த்தால் உனக்கு எல்லாம் விளங்கும். கெட்டிக்காரிதானே. இனி எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், உதயரூபன் அண்ணனுக்கே அனுப்பிவிடு.

ந. பி.


தோஹா
02.11.2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோப்பை நிரலில் போடாமல் கண்ணாலேயே முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஏழாம் வீட்டுக்கு இப்படி இருக்கிறது.

&வீடு7; என்றால் "&அம்மா7; வீடு, &கதிரவெளி;". இது சரி, எல்லா வீடும் இப்படித்தான்.
&அம்மா7; என்றால் "&வீடு7; அம்மா".

கீழே வரிசையில் முதல் ஆள்: &அம்மா7;. இரண்டாவது ஆள்: "&வீடு7; சின்னமகள், வயது 9".

வீடு யாருடையது என்று கேட்டால் அம்மாவுடையது என்கிறது. அம்மா யார் என்று கேட்டால் அந்த வீட்டு அம்மா என்கிறது. நிரல் வீட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் எட்டுத் தடவை போய்ப் போய் வந்து, களைத்து, வரியை விட்டுவிட்டது. ஒரு கொக்கி சுற்றி வந்து தன்னையே கொழுவக் கூடாது என்பது எக்ஸ்எம்எல்லில் முதல் விதி.

இனி என் பங்கு. உங்களிடம் மறைக்க மாட்டேன். பெப்ரவரியில் வெளிக்கிடுவதற்கு முதல் நாள் கோப்பை வழமையான நிரலில்தான் போட்டேன். அது வாசிக்க மறுத்தது. ஒரு கொக்கி தன்னையே சுட்டுகிறது என்று வரி எண்ணோடு சிவப்பு எழுத்தில் சொன்னது. நான் அதை முழுதாக வாசிக்கவில்லை. பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது, ஷிஹான் வாடகை வானைப் பிடித்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தி வந்த அதே பத்துக்குள் பத்து வில்லங்கம்தான் என்று நினைத்தேன். அந்த நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே கொக்கி விரிக்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதி, எட்டு அடுக்கு எல்லையை வைத்து, விட்ட வரிகளைச் சொல்லாதே என்றும் போட்டேன். ஒழுங்கான நிரல் நில் என்று கத்தியது, நான் அதன் வாயைப் பொத்திவிட்டுப் பிளேன் ஏறினேன். நீங்கள் சொன்னது சரி. அந்த வரியில் ஆர் என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் அக்கா, கோப்பு முழுவதும் தேடிவிட்டேன். உங்கள் அம்மாவின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. தங்கச்சியின் பெயரும் இல்லை. நான் எல்லையை எடுத்தாலும், நிரலையே மாற்றினாலும், விரித்து எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை.

மற்ற எல்லா வீட்டையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தது நீங்கள். ஏழாம் வீட்டை அடித்தது யார்?

உதயரூபன் அண்ணனிடம் கெஞ்சி இன்னும் ஒரு கிழமை வாங்கியிருக்கிறேன். கல் வெட்டுகிறவரை அவர் அதற்கு மேல் நிறுத்த முடியாதாம்.

நிஸ்றா


தோஹா
21.11.2024

அக்கா,

ஒரு கிழமை முடிந்து இரண்டும் முடிந்துவிட்டது. வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று உதயரூபன் அண்ணன் சொன்னார். மழை, வெள்ள எச்சரிக்கை என்று செய்தியில் காட்டுகிறார்கள். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடுங்கள். கோப்பைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

நிஸ்றா


மாங்கேணி
03.12.2024

அன்புள்ள நிஸ்றா,

போன கிழமை முழுக்க வெள்ளம். பாலத்தடியில் றோட்டை மேவித் தண்ணி போனது, கரண்டும் இல்லை. நாங்கள் சுகம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்கு வெள்ளத்தைச் சாட்டலாம் என்று நினைத்தேன். வெள்ளம் வந்தது போன கிழமைதான், உன் கடிதம் வந்தது ஒரு மாதத்துக்கு முதல்.

ஏழாம் வீட்டை அடித்தது நான்தான். உனக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும். என் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டாய்.

நாம் வீடு வீடாகப் போனபோது சனம் எப்படிச் சொன்னது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 2005 இல் எடுத்த பதிவெல்லாம் அடுத்த வருசம் சண்டையில் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது, அதனால் சனத்தின் வாயைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஆர் போனது என்று கேட்டால் "அந்த வீட்டம்மாவும் பேத்தியும்" என்பார்கள். அந்த வீடு ஆருடையது என்றால் "அந்த அம்மாட வீடுதான் புள்ள" என்பார்கள். நான் விடமாட்டேன். பேர் சொல்லுங்கள், பேர் சொல்லுங்கள் என்று நெருக்கி நெருக்கி ஒவ்வொரு பெயராக வாங்கினேன். ஒரு மனிசன் தன் பெண்சாதியின் பெயரைச் சொல்ல மாட்டாமல் அழுதார், அவரிடமும் வாங்கினேன். பிறகு அலுவலகத்தில் தனியே இருந்து என் வீட்டைப் பதிய வந்தபோது நானும் அந்தச் சனம் சொன்னது மாதிரியேதான் அடித்தேன். வீட்டம்மா. அம்மா வீடு. பெயரைப் பிறகு போடலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

அம்மாவின் பெயரை நான் கூப்பிட்டதே இல்லை, ஆர்தான் தன் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அப்பாவும் கூப்பிட்டதில்லை. அவருக்கு "உன்ட அம்மா". நான் கேட்டாலும் "அப்பா, அம்மாட படம் எங்க?" என்றுதான். இருபது வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒரு தடவையும் சொல்லப்படவில்லை. அந்த "இறந்தவர்" என்ற கட்டத்தில் அதை என் கையாலேயே அடித்தால் அதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை, ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் அன்று தப்பியது முதல் நாள் வாழைச்சேனையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால். தங்கச்சி நானும் வாறன் என்று அழுதாள். அம்மா சொன்னா, "கூட்டிற்றுப் போ மகள், இவள் என்னப் போட்டு அரிப்பாள்." எனக்குப் பதினாலு வயது. சின்னப் பிள்ளையைக் கட்டி இழுத்துக்கொண்டு போக எனக்கு வெட்கம். மாட்டன் என்றேன். வேலிப் படலையில் நின்று என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை நான் எந்த முகத்தோடு அடிப்பேன்?

உதயரூபன் அண்ணன் தந்த தாளின் அடியில் "விடுபட்ட பெயர்கள்" என்று இடம் விட்டிருந்தது. பேனையை எடுத்து அம்மா என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை, வெட்டிவிட்டேன். கோப்பையும் அதனால்தான் வைத்துக்கொண்டிருந்தேன். திறந்தால் நீ பார்த்துவிடுவாய் என்று தெரியும். பழியை உன்மேல் போட்டால் கொஞ்ச நாளைக்கு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். இருக்கவில்லை.

கல் வெட்டி முடிந்துவிட்டது, நிஸ்றா. நூற்று அறுபத்தொரு பேர். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தோஹாவிலிருந்து வந்துவிட்டது, கல்லில் ஏறிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இருபத்தாறாம் திகதி அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். விரல் வைத்துத்தான் வாசிப்பார்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பிரஷாந்தி


தோஹா
05.12.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக வாசிக்கிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை செய்தது பிழை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் அதையும் விடுகிறேன்.

உதயரூபன் அண்ணனோடு பேசினேன். உங்கள் கதையைச் சொல்லவில்லை. நிரல் பிழை, என் பிழை, இரண்டு பெயர் விடுபட்டுப் போய்விட்டது என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் என்னை நன்றாகத் திட்டினார், பிறகு கல் வெட்டுகிறவரைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் போன் எடுத்தார். வீட்டு வரிசைக்குள் இனிச் செருக முடியாது. கல்லின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறதாம், இரண்டு பெயர் கொள்ளும். இருபதாம் திகதிக்கு முன் பெயர்களைக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் ஒன்று விளங்கி வெட்கப்பட்டேன். பெயரைச் சொல்லு எழுதிக்கொள்கிறேன் என்றார், என்னிடம் சொல்வதற்குப் பெயர் இல்லை. ஒன்றரை வருடம் உங்களோடு இருந்தேன். உங்கள் வீட்டில் எத்தனை நாள் சோறு தின்றேன். உங்கள் அம்மாவின் பெயரை நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. அண்ணன், உங்களுக்குத் தெரியாதா என்று அவரைக் கேட்டால், "நமக்கு அவ ஏழாம் வீட்டம்மா தானே புள்ள" என்கிறார்.

ஒருவர் எங்கேயோ எழுதி வைத்ததைத்தான் நிரல் விரித்துத் தரும். இதை எழுதுவதற்கு நீங்களும் மாமாவும் மட்டும்தான் இருக்கிறீர்கள். நான் இங்கிருந்து செய்யக்கூடியது இவ்வளவுதான், அக்கா. மாமாவிடம் சொல்லுங்கள். பதினெட்டாம் பத்தொன்பதாம் திகதி என்று இழுக்காதீர்கள்.

நிஸ்றா


மாங்கேணி
28.12.2024

அன்புள்ள நிஸ்றா,

இழுக்காதே என்றாய். பத்தொன்பதாம் திகதிதான் போனேன்.

முதல் நாள் பின்னேரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படலையில் தங்கச்சி அழுததையும் சேர்த்துத்தான். திட்டுவார் என்று பார்த்தேன். "அவள் எனக்குப் பின்னாலயும்தான் வட்டைக்கு வாறன் எண்டு அழுதவள். நானும்தான் விட்டுப்போட்டுப் போனனான்" என்றார். இருபது வருடமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே விசயத்தைத் தனித்தனியே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மழைத் தூறலோடு கதிரவெளிக்குப் போனோம். கல் கடற்கரையில் தார்ப்பாய்ப் படங்கால் மூடியபடி நின்றது. கல் வெட்டுகிறவர் உளியைத் துடைத்துக்கொண்டு, "பேரச் சொல்லுங்க தங்கச்சி" என்றார். நான் தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். எடுத்து நீட்டினால் தாள் நனைந்து மை பரவிப்போயிருந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பாதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவது மாதிரி, தகப்பன் பெயரும் சேர்த்து முழுதாகச் சொன்னார். அம்மாவின் பெயரை அப்பாவின் குரலில் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவைத்து ஈர மணலில் இருந்துவிட்டார். தங்கச்சியின் பெயரை நான் சொன்னேன்.

அடியில் ஒரு வரியில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் மேலே வீடு போட்டிருக்கிறது. இவர்களுக்கு வீடு இல்லை, பெயர் மட்டும்தான். வீடுதான் அந்த இடத்தில் இல்லையே, அது சரிதான் என்று அப்பா சொன்னார். எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அது என்னால் வந்தது.

இருபத்தாறாம் திகதி நிறையச் சனம். விளக்கு வைத்த பிறகு உதயரூபன் அண்ணன் மைக்கில் பெயர்களை வாசித்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதிரவெளி முடிந்து மற்ற இடங்களும் முடிந்தது. கடைசி வீட்டை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். அவர் கையில் இருந்தது பழைய பட்டியல், நிஸ்றா. கோப்பிலிருந்து அச்சடித்தது. கல்லில் போட்டதைக் கோப்பில் போட எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. ஐயர் மணியை எடுத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் சத்தமாக இரண்டு பெயரையும் சொன்னேன். மைக் இல்லை, காற்று வேறு. பக்கத்தில் நின்ற நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும். அவர்களில் ஒரு மனிசி என் பக்கம் திரும்பி, "ஆர் மகள் இவங்க?" என்று கேட்டா. என்ட அம்மாவும் தங்கச்சியும் என்றேன். அழுகை அப்போதுதான் வந்தது. வீட்டுக்கு வரும்வரைக்கும் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் நிற்கவில்லை.

உன்மேல் போட்ட பழியை எடுத்துக்கொள்கிறேன். நீ பொத்திய வாய்க்கு நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய், நான் பொத்திய வாய்க்கு ஆரிடம் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. உன் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். இப்போதைக்கு எடுக்காதே, நானே எடுக்கிறேன்.

கோப்பில் மாற்ற வேண்டிய வரிகளைக் கீழே தருகிறேன். ஒழுங்கான நிரலிலேயே போடு. இந்த முறை அது நில் என்று கத்தாது.

&அம்மா7; என்றால் "கதிர்காமத்தம்பி சின்னத்தங்கம்".
இரண்டாவது ஆள்: "நல்லரத்தினம் துஷாந்தி, வயது 9".

இப்படிக்கு,
சின்னத்தங்கத்தின் மூத்த மகள்
பிரஷாந்தி